போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள்

1962-ஆம் ஆண்டு ஜெனீவாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி லாவோஸ் ஒரு நடுநிலை நாடு. அதன் மண்ணில் அந்நியப் படைகள் இருக்கக் கூடாது. வட வியட்நாம் அதை மதிக்கவில்லை. வியட்நாம் போருக்காகத் தெற்கே ஆட்களையும் ஆயுதங்களையும் கொண்டு செல்லும் ஹோ சி மின் பாதையின் பெரும்பகுதியை லாவோஸின் கிழக்கு மலைக்காடுகளின் வழியாகவே அமைத்துக்கொண்டது. அமெரிக்காவும் மதிக்கவில்லை, ஆனால் அதை வெளியில் ஒப்புக்கொள்ள முடியாத நிலையில், சொந்த மக்களுக்கே தெரிவிக்காமல் அந்நாட்டின்மீது குண்டு வீசத் தொடங்கியது. 1964 முதல் 1973 வரை ஏறத்தாழ 5,80,000 முறை விமானங்கள் பறந்து, இருபது லட்சம் டன் குண்டுகளைக் கொட்டின. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், உலகில் வேறெந்த நாட்டின்மீதும் இவ்வளவு குண்டுகள் வீசப்பட்டதில்லை.

அவற்றில் பெரும் பங்கு கொத்துக் குண்டுகள். ஒரு பெரிய உறை வானிலேயே திறந்து, உள்ளிருக்கும் நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளைப் பரந்த நிலப்பரப்பில் சிதறவிடும். டென்னிஸ் பந்தளவே உள்ள இந்தச் சிறு குண்டுகளை லாவோஸ் மக்கள் ‘பொம்பி’ என்கிறார்கள். அந்த ஒன்பது ஆண்டுகளில் விழுந்தவை சுமார் 27 கோடி என்றும், அவற்றில் முப்பது விழுக்காடு வரை, அதாவது ஏறத்தாழ எட்டுக் கோடி, வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன என்றும் மதிப்பிடப்பட்டிருக்கிறது. போர் ஓய்ந்தபின் இவற்றாலும் எஞ்சிய பிற வெடிபொருள்களாலும் இறந்தவர்களும் உறுப்பிழந்தவர்களும் இருபதாயிரம் பேர் என்பது அந்நாடு தரும் கணக்கு. அவர்களில் கணிசமானோர் குண்டுவீச்சு நின்றபின் பிறந்த சிறுவர்கள்.

போரின் அறத்தைப் பற்றிய நம்முடைய விவாதங்களில் இந்தச் சிறுவர்களுக்கு இடமே இல்லை என்பதுதான் எனக்கு நெடுநாளாக உறுத்தல். போர் விதிகளை வகுக்கும் ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977-இல் உருவான கூடுதல் நெறிமுறை, ஒரு தாக்குதலால் எதிர்பார்க்கப்படும் இராணுவப் பயனைவிட மிகையான அளவில் பொதுமக்களுக்குக் கேடு நேருமானால் அத்தாக்குதல் கூடாது என்கிறது. (அமெரிக்காவோ இந்தியாவோ இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.) விதி நல்ல விதிதான். ஆனால் நடைமுறையில் இந்தத் தராசைப் பிடிப்பவர் தாக்குதலுக்கு ஆணையிடும் தளபதி. அவர் எடைபோடுவதோ, குண்டு விழும் நேரத்தில் அந்த இடத்தில் யார் இருப்பார்கள் என்பதைத்தான். லாவோஸின் சியாங்குவாங் மாகாணத்தில் உள்ள தாம் பியூ குகையில் 1968 நவம்பர் 24 அன்று ஏவுகணை ஒன்று பாய்ந்து, அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அது கொடுமை என்பதை எவரும் உடனே உணர்வர். அங்கு நினைவிடமும் இருக்கிறது. அதே மாகாணத்தின் வயல்களிலும் காட்டோரங்களிலும் அரை நூற்றாண்டாக ஒருவர் இருவராக மாண்டவர்களை எந்தத் தாக்குதலின் கணக்கில் எழுதுவது? அவர்களைக் கொன்ற குண்டு எந்த நாளில், எவருடைய ஆணையால் விழுந்தது என்பதே பெரும்பாலும் தெரியாது. குற்றம் நிகழ்ந்ததாகச் சட்டம் காணும் நாளுக்கும் உயிர் போன நாளுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டால், பொறுப்பு என்ற சொல்லே பிடிமானம் இழந்துவிடுகிறது.

இந்தச் சாவுகளை அறியாமையால் நேர்பவை என்று எழுதுவோர் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. சியாங்குவாங்கின் உழவருக்குத் தம் நிலத்தில் என்ன புதைந்திருக்கிறது என்பது நன்றாகவே தெரியும். மண்வெட்டியை ஆழமாக இறக்கினால் ஆபத்து என்று தெரிந்துதான் இறக்குகிறார், ஏனெனில் நெல் வேண்டும். குளிருக்கும் சமையலுக்கும் தரையில் மூட்டும் நெருப்பு அடியிலிருக்கும் குண்டைச் சூடேற்றி வெடிக்க வைத்துவிடக்கூடும் என்பதும் தெரியும். ஆனால் நெருப்பின்றி வாழ முடியாது. பழைய இரும்பின் விலை ஏறிய காலத்தில், மலிவான உலோகம் காட்டும் கருவிகளை வாங்கிக்கொண்டு, போர் விட்டுச்சென்ற இரும்பையும் அலுமினியத்தையும் தேடிக் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் போனார்கள். குழந்தைகளுக்கு மட்டும் உண்மையிலேயே தெரியாது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வந்து ஊன்றிய பெத்தாங்கு என்ற பந்து விளையாட்டு லாவோஸின் ஊர்களில் பரவலாக ஆடப்படுகிறது. அதில் உருட்டும் இரும்புப் பந்துக்கும் துருவேறிய பொம்பிக்கும் தோற்றத்தில் வேறுபாடு குறைவு.

அகற்றும் வேலை மெதுவாகத்தான் நடக்கும். யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழியில் முகமாலையில், போரில் கணவரை இழந்தவர்கள் உள்ளிட்ட பெண்கள் முழந்தாளிட்டு அமர்ந்து அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டிக் கண்ணிவெடி தேடியதைப் படங்களில் கண்டவர்களுக்கு இது புரியும். லாவோஸிலும் பெண்கள் மட்டுமே கொண்ட குழுக்கள் இந்த வேலையைச் செய்துவருகின்றன. தேசிய அளவில் இதற்கென்று ஓர் அமைப்பு உருவானதே 1996-இல்தான். ஒரு பள்ளிக்கூடம் கட்டுவதென்றாலும் சாலை போடுவதென்றாலும் முதற்செலவு நிலத்தைச் சோதிப்பதற்கே போகிறது. 2016-இல் அங்கு சென்ற ஒபாமா, தமது நாட்டுக்கு அறக்கடமை இருப்பதாகச் சொல்லி மூன்றாண்டுகளுக்கு 9 கோடி டாலர் அறிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் அமெரிக்கா தந்தது ஏறத்தாழ 10 கோடி டாலர்.

கொத்துக் குண்டுகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 2008 டிசம்பரில் ஆஸ்லோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடுகளின் முதல் கூட்டம் பொருத்தமாகவே லாவோஸின் தலைநகர் வியஞ்சானில் நடந்தது. இலங்கை 2018-இல் சேர்ந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, உக்ரைன் ஆகியவை சேரவில்லை.

உக்ரைனில்தான் என் வாதமே சிக்கலுக்குள்ளாகிறது. படையெடுத்து வந்த ரஷ்யா தொடக்கம் முதலே அங்கே கொத்துக் குண்டுகளைப் பயன்படுத்திற்று. பீரங்கிக் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்த நிலையில் உக்ரைன் கேட்டதன்பேரில், 2023 ஜூலையில் பைடன் அரசு அமெரிக்கக் கொத்துக் குண்டுகளை அனுப்ப ஒப்புக்கொண்டது. நகரங்களில் வீச மாட்டோம், வீசிய இடங்களைப் பதிவுசெய்வோம், போர் முடிந்ததும் அகற்றுவோம் என்று உக்ரைன் உறுதியளித்தது. லாவோஸோடு இதைச் சமமாக வைப்பது நேர்மையாகாது. அங்கே குண்டு போட்டவர்கள் வேறு நாட்டவர், மறைத்துப் போட்டார்கள். இங்கே தன் மண்ணை மீட்கப் போராடும் நாடு தன் வயல்களையே பணயம் வைக்கிறது. தோற்றால் நேரும் கேட்டையும் அது அறிந்திருக்கிறது. அந்த முடிவைத் தவறென்று தொலைவிலிருந்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால், அனுப்புபவை வெடிக்காமல் போகும் விகிதம் 2.35 விழுக்காட்டுக்கு மேல் இராது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கூறியபோது, அந்தச் சிறிய எண் ஓர் ஆறுதலாகவே முன்வைக்கப்பட்டதை ஏற்க முடியவில்லை. எண்பத்தெட்டுச் சிறு குண்டுகள் அடங்கிய பீரங்கிக் குண்டு ஒன்றில் அது இரண்டு. ஆயிரம் குண்டுகள் சுட்டால் இரண்டாயிரத்துக்கு மேல். சோதனைக் களத்தின் கெட்டித் தரையில் அல்லாமல் சேற்றிலும் புல்லிலும் விழும்போது இன்னும் கூடும்.

2025 மார்ச் மாதம் லிதுவேனியா கொத்துக் குண்டுத் தடை உடன்படிக்கையை விட்டு வெளியேறிற்று. அப்படி வெளியேறிய முதல் நாடு அதுதான். ரஷ்யாவின் அருகில் வாழும் அச்சம் அதற்குக் காரணம், அந்த அச்சம் பொய்யுமன்று. அதே ஆண்டில் பின்லாந்தும் போலந்தும் பால்டிக் நாடுகளும் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலிருந்தும் விலக முடிவெடுத்தன. தேவை நேர்ந்தால் தங்கள் எல்லை நிலத்திலேயே இவற்றைப் புதைக்கும் உரிமையைத்தான் இந்த நாடுகள் திரும்பப் பெற்றிருக்கின்றன. அந்த நிலத்தில் பின்னாளில் உழப்போகிறவர்கள் வாக்களிக்கும் வயதை இன்னும் எட்டவில்லை.