கிளினிக் கொப்பியும் கார்த்திகை மழையும்

அனர்த்தகாலச் சுகாதாரத் தயார்நிலை பற்றிய ஆய்வொன்றில் களப்பணியாளராகச் சேர்ந்தபோது என் கையில் தரப்பட்ட கேள்விக்கொத்து பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியதாகவே இருந்தது. வீட்டுக்குள் எவ்வளவு உயரத்துக்கு வெள்ளம் ஏறியது, கிணறு மூடுண்டதா, மலசலகூடக் குழி நிரம்பியதா, எந்தப் பாடசாலைக்கு இடம்பெயர்ந்தீர்கள். எல்லாம் தேவையான கேள்விகள்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. வழுக்கியாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறோம். அந்தக் கல் வெடிப்பும் பொந்துமாக இருப்பதால் மேலே நிற்கும் அழுக்கு விரைவாகக் கீழே இறங்கிவிடும். வெள்ளம் நின்ற வளவில் குழித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றுதான். பொதுச் சுகாதார பரிசோதகர்கள் மழை விட்டதும் குளோரினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடுவது இதனால்தான்.

ஆனால் நாங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்க, சனம் மருந்தைப் பற்றிச் சொன்னது.

வடமராட்சிக் கரையோரக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மா, "தண்ணி வந்தது, போச்சுது. என்ர கொப்பி நனைஞ்சதுதான் பிள்ளை பெரிய கரைச்சல்" என்று சொல்லி உள்ளே போய் அதை எடுத்துவந்து காட்டினார். அரசாங்க வைத்தியசாலைகளில் சலரோகம், பிரஷர் என்று மாதாமாதம் கிளினிக் போகிறவர்களின் குறிப்புகள் அவரவர் கையில் உள்ள கொப்பியில்தான் இருக்கும். வைத்தியர் அதில் எழுதுவார், மருந்து கொடுக்கும் யன்னலில் அதைப் பார்த்துத்தான் மருந்து தருவார்கள். அம்மாவின் கொப்பி ஒரு பக்கம் வீங்கி, நடுத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தது. ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெயிலில் காயவைத்திருக்கிறார். நீலப் பேனையால் எழுதிய மருந்தின் பெயர்களும் அளவுகளும் கரைந்து போய்விட்டன. திகதி முத்திரைகள் மட்டும் ஊதா நிறத்தில் வரிசையாகத் தெரிந்தன. இத்தனை வருடமாக ஒரு மாதமும் தவறாமல் போயிருக்கிறார் என்பதற்கு அந்த முத்திரைகள் சாட்சி. என்ன மருந்து குடித்தார் என்பதற்கு ஒன்றும் இல்லை. "காலமை ஒரு வெள்ளைச் சின்னன், இரவைக்கு மஞ்சள் ஒண்டு, சாப்பாட்டுக்கு முன்னம் பெரிசு ஒண்டு" என்றார். பாடசாலையில் தங்கியிருந்த நாட்களில் நடமாடும் மருத்துவக் குழு வந்து கேட்டபோதும் இதைத்தான் சொல்லியிருக்கிறார். அதை வைத்து எந்த வைத்தியர் துணிந்து மருந்து எழுதுவார்? இரத்தம் சோதித்துப் பார்த்து மறுபடி தொடக்கத்திலிருந்து வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் போன வீடுகளிலெல்லாம் கேள்விக்கொத்தில் இல்லாத ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டேன். எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவி அதை முறையாகப் படிவத்தில் சேர்த்து, ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் எடுத்துத் தந்தார். "வெள்ளம் வந்தபோது உங்கள் வீட்டில் யாருக்காவது வழமையாக எடுக்கும் மருந்து நின்றுபோனதா?" ஆஸ்துமாப் பம்ப் தீர்ந்து போனவர், வலிப்பு மருந்தைப் பரணில் வைத்துவிட்டு வந்தவர், மாதம் ஒருமுறை போடும் மனநல ஊசியைத் தவறவிட்ட மகனை வைத்திருந்த தாய் என்று பதில்கள் வந்தன. வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரக்கூடும், உயிருக்கே ஆபத்து. வெள்ளத்தால் ஏற்பட்ட பாதிப்பு என்று யாரும் அதை எழுதுவதில்லை. வருத்தம் கூடிவிட்டது என்பதோடு கதை முடிந்துவிடும்.

இதே கிராமங்களில் கர்ப்பிணித் தாய்மார் ஒருவர்கூட விடுபட்டுப் போனதாக நான் கேள்விப்படவில்லை. காரணம் எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள், வீடு வீடாகப் போய்த் தாய் சேய் நலம் பார்க்கிறவர்கள், ஊரில் எல்லோரும் "மிஸ்" என்று கூப்பிடுகிறவர்கள். யாருக்கு எத்தனையாவது மாதம், யாருக்கு முந்தின பிரசவம் சத்திரசிகிச்சை, யாருடைய கணவன் கடலில் நிற்கிறான் என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டிலும் இருக்கும், மனதிலும் இருக்கும். கடும் மழை எச்சரிக்கை வந்தால் திகதி நெருங்கியவர்களுக்கு முதல் நாளே தொலைபேசி எடுத்து, "இண்டைக்கே ஆஸ்பத்திரியில போய் நில்லுங்கோ" என்று சொல்லிவிடுவார். இலங்கையில் 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கட்டிய சேவை இது. தாய் சேய் நலத்தில் இந்த நாடு தலைநிமிர்ந்து நிற்பதற்கு இந்தப் பெண்கள் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் போன தூரம்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அதே ஒழுங்கையில், பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கும் ஐயாவுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. அவரைப் பற்றி அயலுக்குத் தெரியும். பிரதேச செயலகத்தின் அனர்த்தத் திட்டத்துக்குத் தெரியாது.

2015இல் ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் நாடுகள் ஏற்றுக்கொண்ட, அனர்த்த அபாயத்தைக் குறைப்பதற்கான செண்டாய் சட்டகத்திலேயே, நாட்பட்ட நோயுள்ளவர்களை அனர்த்தத் திட்டமிடலில் சேர்க்க வேண்டும், அவர்களுக்கு உயிர்காக்கும் சேவைகள் கிடைக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. இங்கே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது, மாவட்டம் தோறும் பிரிவு இருக்கிறது, அவசரத்துக்கு அழைக்க 117 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. மழைக்கு முன் நடக்கும் முன்னாயத்தக் கூட்டங்களில் படகு, மண்மூட்டை, உலர் உணவு, திறக்க வேண்டிய பாடசாலைகள் எல்லாம் பேசப்படும். நான் பார்க்கக் கிடைத்த கூட்டக் குறிப்புகளில் இன்சுலின் என்ற சொல் இல்லை.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். எங்கள் சனத்தின் இரக்கத்துக்குக் குறைவில்லை. தண்ணீர் ஏறிய அன்று பின்னேரமே சனசமூக நிலையத்தில் அடுப்பு மூட்டிவிடுவார்கள், வெளிநாட்டிலிருந்து காசு வந்துவிடும், இளைஞர்கள் பார்சல் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்குவார்கள். அந்தப் பார்சலில் வெள்ளைச் சோறு, பருப்பு, ஒரு சம்பல். காலையில் பாண், இடையில் பிஸ்கட்டும் சீனி போட்ட தேத்தண்ணியும். மருந்தும் இல்லாமல் இந்தச் சாப்பாட்டை நாட்கணக்கில் சாப்பிட்ட சலரோகக்காரருக்குச் சீனி எந்த அளவுக்கு ஏறும் என்று நினைத்துப் பாருங்கள். இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய ஒரு நலன்புரி நிலையத்தில் மட்டும் சமையலுக்குப் பொறுப்பாக நின்ற மாதர் சங்கத்துப் பெண்கள் தாங்களாகவே கேட்டு விசாரித்து, சீனி இல்லாத தேத்தண்ணிக்குத் தனிக் கேத்தல், குத்தரிசிச் சோறும் கீரையும் தனி அடுப்பு என்று செய்திருக்கிறார்கள். சீனி வருத்தக்காரர் யார் யார் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இன்சுலின் விடயத்தில் முதியவர்களிடம் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாமல் யாழ்ப்பாணம் வருடக்கணக்கில் இருந்தபோது, மண்பானைக்குள் ஈரமணல் போட்டு, நடுவில் போத்தலை வைத்து, ஈரச்சாக்கால் மூடி வைத்ததாகச் சொன்னார்கள். நல்ல வழிதான். ஆனால் பானை குளிர்வது தண்ணீர் ஆவியாவதால். கார்த்திகை மாதத்து ஈரக்காற்றில் அது அவ்வளவாக நடக்காது. பங்குனி வெயிலில் கைகொடுக்கும் பானை மாரியில் பாதிதான் உதவும். திறந்து பாவிக்கும் இன்சுலின் போத்தலை அதிக வெப்பமில்லாத இடத்தில் நான்கு வாரம் வரை வெளியே வைத்திருக்கலாம் என்பதையும், திறக்காத போத்தல்களுக்கே குளிர்சாதனப் பெட்டி அவசியம் என்பதையும் பலர் அறிந்திருக்கவில்லை. மின்சாரம் நின்ற முதல் நாளே நல்ல மருந்தை எறிந்துவிட்டவர்களையும் சந்தித்தேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் இடம்பெயர்ந்து வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. அந்த நடையை நடந்தவர்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு பை ஆணியில் தொங்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, எல்லாம் பொலித்தீனில் சுற்றி. கிளினிக் கொப்பியை அந்தப் பைக்குள் வைத்தவர்கள் குறைவு. இளையவர்கள் வேறு வழி கண்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் அம்மாவின் கொப்பிப் பக்கங்கள் கனடாவில் இருக்கும் மகளின் போனில் இருந்தன. ஒவ்வொரு கிளினிக்கும் முடிய அம்மா படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். வெள்ளத்தில் கொப்பி போனபோது மகள் அங்கிருந்து திருப்பி அனுப்ப, அதைக் காட்டி மருந்து எடுத்திருக்கிறார்கள். காசு செலவில்லாத இந்த வேலையை மற்ற வீடுகளிலும் செய்யச் சொல்லிக் கொண்டுதான் இப்போது திரிகிறோம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழை இன்னொரு பாடம். உயர்தரப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்ட அந்த வாரத்தில் நலன்புரி நிலையங்களில் மருத்துவக் குழுக்கள் சுற்றித் திரிந்தன. தண்ணீர் வடிய, சனம் வீடு திரும்ப, கவனமும் குறைந்தது. டிசம்பரில்தான் வடமராட்சிப் பக்கம் காய்ச்சலோடு மூச்சுத்திணறி ஆட்கள் இறக்கத் தொடங்கினார்கள். மர்மக் காய்ச்சல் என்று ஊர் நடுங்கியது. பரிசோதனையில், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. கிருமி உடம்பில் புகுந்து காய்ச்சலாக வெளிப்பட ஒன்று, இரண்டு கிழமை எடுக்கும், சிலருக்கு அதற்கும் மேல். நலன்புரி நிலையத்தை மூடும் நாளில் நோய் இன்னும் தொடங்கியே இருக்காது. வயலில் இறங்குகிறவர்களுக்குக் அது வராமல் தடுக்கக் கிழமைக்கு ஒருமுறை டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுப்பது சுகாதாரத் துறைக்குப் புதிதல்ல. ஆனால் வெள்ளத்தில் நின்று வேலை செய்தவர் கமக்காரர் மட்டுமா? வாய்க்கால் வெட்டியவர், பார்சல் கொண்டுபோன பெடியன், வீடு கழுவிய பெண், எல்லோரும் அதே தண்ணீரில்தான் நின்றார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்து, ஆய்வறிக்கை எழுதுவதற்கு முன் ஊருக்கே திரும்பிப் போய்ச் சொன்னோம். மாதர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். வந்தவர்களே, "அப்ப எங்கட ஊருக்கு ஒரு லிஸ்ட் போடுவம்" என்றார்கள். தினமும் மருந்து தேவைப்படுகிறவர், நடக்க முடியாதவர், சிறுநீரகத்துக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர், தனியே இருக்கும் முதியவர்.

சரி, எழுதத் தொடங்குவோம் என்று இருக்கும்போது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழும்பினார். அதே மனநல ஊசி எடுக்கும் மகனின் தாய். "லிஸ்ட் ஆரிட்ட இருக்கும்?" என்று கேட்டார். கூட்டம் அமைதியானது. பட்டியல்களும் பதிவுகளும் இந்த ஊரில் என்ன செய்தன என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யுத்தகாலத்தில் பெயர் எழுதப்படுவதென்றால் பயம்தான். அதோடு, மகனின் வருத்தம் ஒரு தாளில் ஏறி நாலு பேர் கைக்குப் போனால் மகளின் கல்யாணப் பேச்சுக் குழம்பும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அது நியாயமான கவலை. யாழ்ப்பாணத்தில் போரும் சுனாமியும் மனங்களில் விட்டுப்போன காயங்களைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதியும் பேசியும் வந்திருக்கிறார். காயம் தனியாட்களுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் பட்டது என்பார். ஒருவரை ஒருவர் நம்புவதும் அப்படிக் காயப்பட்டவற்றில் ஒன்று என்பதை அன்றைக்கு அந்த அறையில் கண்டேன்.

நீண்ட நேரம் பேசினார்கள். நாங்கள் குறுக்கே போகவில்லை. கடைசியில் பெண்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். பட்டியலில் வருத்தத்தின் பெயர் வராது. தினசரி மருந்து உண்டு அல்லது இல்லை, குளிரில் வைக்க வேண்டுமா, தூக்கிச் செல்ல ஆள் வேண்டுமா, யாருக்கு அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். சேர விரும்புகிறவர் மட்டும் சேரலாம், எப்போதும் பெயரை எடுத்துவிடலாம். ஒரு பிரதி மிஸ்ஸிடம், ஒரு பிரதி ஊரார் தெரிந்தெடுத்த ஒரு பெண்ணிடம். கிராம அலுவலரான விதானையாரிடம் எண்ணிக்கை மட்டும் போகும், பெயர் போகாது. அந்தப் பெண்ணின் வீட்டுக்குள்ளேயே வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு பிள்ளை கேட்க, மேட்டுப்பக்கத்தில் இருக்கும் இன்னொருவரையும் நியமித்தார்கள். கேள்வி கேட்ட அம்மா அன்று மகனின் பெயரைத் தரவில்லை. சில நாள் கழித்து மிஸ்ஸிடம் போய்த் தானே எழுதுவித்திருக்கிறார்.

கிளினிக் மருந்து மாதக் கணக்கில் தரப்படுவதால், ஐப்பசியில் இரண்டு கிழமை மருந்து கூடுதலாகக் கொடுத்தால் மாரி முழுவதற்கும் ஒரு கையிருப்பு இருக்கும் என்பதும் அந்தக் கூட்டத்தில் வந்த யோசனைதான். நெடுந்தீவில் இதை இன்னும் அழுத்திச் சொன்னார்கள். கடல் கொந்தளித்துக் குறிகட்டுவான் படகு நின்றுவிட்டால் யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கு அவர்கள் எப்படி வருவது? மருந்துத் தட்டுப்பாடு உள்ள காலத்தில் இது இலகுவல்ல என்பது எனக்குத் தெரியும். எல்லா மருந்துக்கும் முடியாவிட்டாலும் இன்சுலின், வலிப்பு மருந்து, ஆஸ்துமாப் பம்ப் இந்த மூன்றுக்காவது செய்ய வேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறோம்.

ஆய்வுக்கான நிதி முடிந்துவிட்டது. பட்டியலை வருடத்தில் இரண்டு தடவை, சித்திரையிலும் மழைக்கு முன் புரட்டாதியிலும், சரிபார்ப்பதென்று மாதர் சங்கம் தன் கூட்டக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறது. மிஸ்ஸுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. இதையும் அவர் தலையில் சும்மா போட்டுவிட முடியாது, அதற்கென நேரமும் போக்குவரத்துச் செலவும் ஒதுக்க வேண்டும். அடுத்த முன்னாயத்தக் கூட்டத்துக்கு அவரையும் மாதர் சங்கத் தலைவியையும் அழைத்து, அவர்கள் பேச நேரம் கொடுக்கும்படி கேட்டு எழுதிய கடிதத்தில் ஊரார் கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.