பெற்றோரும் பிள்ளையும் ஒரே மேசையில்

2025 மார்ச் 16, ஞாயிறு

இந்த மாதம் ஊற்றுகிற முறை என்னுடையது. எங்கள் கேப் டவுன் கூட்டத்தில், பாட்டிலைப் பார்க்காமல் ருசித்தே எந்த ஒயின் என்று சொல்ல வேண்டும்; ஊற்றுகிறவர் மட்டும் சொல்லக் கூடாது. மற்ற ஆறு பேரும் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

போன தடவை மதுரைக்காரர் தம் வீட்டில் ஏகப்பட்ட ஷிராஸ் ஒயினை வரிசை கட்டி வைத்து எல்லோரையும் களைக்க வைத்துவிட்டார். இந்தத் தடவை சிவப்பில் மூன்றே திராட்சை: பினோ நுவார், சின்ஸோ, இரண்டுக்கும் பிறந்த பினோடாஜ்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏபிரஹாம் பெரோல்ட் 1925-ல் முதல் இரண்டையும் மகரந்தம் சேர்த்தார். கிடைத்தது நான்கே விதை. தன் வீட்டுத் தோட்டத்தில் போட்டார். அப்புறம் வேறு வேலைக்குப் போய்விட்டார், தோட்டம் புதர் மண்டியது. சுத்தம் செய்ய வந்தவர்கள் களையோடு களையாகப் பிடுங்கி எறிய இருந்த கன்றுகளைக் காப்பாற்றியவர் சார்லி நீஹாஸ் என்ற இளம் விரிவுரையாளர். பினோடாஜ் என்று லேபிளில் அச்சிட்ட பாட்டில் கடைக்கு வர 1961 ஆயிற்று.

பெற்றோரையும் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் நம் ஆட்களுக்குச் சாயல் தெரிகிறதா, பார்ப்போம்.

மார்ச் 20, வியாழன்

சாமான் வாங்கியாயிற்று. பினோ, கடல் காற்று வீசுகிற ஹெமெல்-என்-ஆர்டா பள்ளத்தாக்கிலிருந்து. சின்ஸோ, ஸ்வார்ட்லாந்தில் பாசனமில்லாமல் வளரும் பழைய புதர்க்கொடிகளிலிருந்து. பினோடாஜ், ஸ்டெலன்போஷ். பினோவுக்குக் கொடுத்த காசில் அந்தச் சின்ஸோ மூன்று வாங்கலாம்.

பாட்டிலைக் காகிதத்தில் சுற்றினால் போதும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். போதாது. பினோ பாட்டிலின் தோள் சரிந்திருக்கும். போர்டோ வடிவ பாட்டிலின் தோள் நிமிர்ந்திருக்கும். காகிதத்துக்கு மேலே தடவிப் பார்த்தே சொல்லிவிடும் கில்லாடிகள் எங்களிடம் உண்டு. திருகு மூடியா கார்க்கா என்பதும் ஒரு துப்பு. போதாததற்குத் தென்னாப்பிரிக்க பாட்டிலின் கழுத்தில் எண் போட்ட சான்றிதழ் வில்லை ஒட்டியிருக்கும். அந்த எண்ணைத் தட்டித் தேடினால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் ஒரே மாதிரியான கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, அடியில் எண் எழுதப் போகிறேன்.

சிவப்பில் கிளாஸ் நான்கு வைப்பேன். நான்காவதில் என்ன என்பதை இங்கே கூட இப்போது எழுதப் போவதில்லை. கூட்டத்தில் ஒருவரான டர்பன் அக்கா இதைப் படிக்கிறார்.

மார்ச் 22, சனி (நள்ளிரவு தாண்டிவிட்டது)

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டில் சண்டை. சனிக்கிழமை, விளக்கேற்றி ஊதுபத்தி வைக்காமல் முடியுமா? "உங்க ஆளுங்க மூக்குக்காக நான் சாமிக்கு ஊதுபத்தி கூட ஏத்தக் கூடாதா?" நியாயமான கேள்வி. ஐந்தரைக்குள் பூஜையும் தாளிப்பும் முடித்துக்கொள்வது, அப்புறம் ஜன்னல் எல்லாம் திறந்து வைப்பது என்று உடன்பாடு. தென்கிழக்குக் காற்று புண்ணியம் கட்டிக்கொண்டது.

டர்பன் அக்கா தன் தாத்தா வெற்றிலை துப்பிய பித்தளைப் படிக்கத்தைக் கொண்டு வந்திருந்தார். கூட்டம் மொத்தமும் அதைப் பார்த்து எழுந்து நின்றது. இங்கே வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் நூறு மில்லிக்கு 0.05 கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது. ஆகவே துப்புவது கட்டாயம்.

நாக்கைத் தயார் செய்ய வெள்ளையில் இரண்டு ஷெனின் பிளாங் ஊற்றினேன். இந்த நாட்டிலேயே அதிகம் பயிராகும் திராட்சை அது. எல்லோரும் சரியாகச் சொன்னார்கள்.

அப்புறம் சிவப்பு. முதலிரண்டும் வெளிர் நிறம், பின்னால் வைத்த விரல் தெரிகிறது. மூன்றாவதும் நான்காவதும் அடர்ந்த ஊதா. பிள்ளை எது என்பது நிறத்திலேயே பாதி தெரிந்துபோயிற்று. வெளிறிய இரண்டில் எது பினோ, எது சின்ஸோ? சிக்கல் அங்கேதான்.

மதுரைக்காரர் மூக்கைக் கிளாஸுக்குள் விட்டவர் எடுக்கவே இல்லை. ரோஜா என்றார், செர்ரி என்றார், ஈரமண் என்றார். எல்லாம் சரி, ஆனால் அந்த வாசனைகள் இரண்டிலும்தான் இருக்கின்றன. முதல் கிளாஸ்தான் உயர்ந்த சரக்கு, சந்தேகமே இல்லை, பினோ என்று தீர்ப்பெழுதினார்.

டர்பன் அக்கா முகர்ந்த மாதிரியே தெரியவில்லை. ஒரு வாய் உறிஞ்சி, துப்பி, வாயைத் திறந்தபடி சும்மா இருந்தார். எச்சில் ஊறுகிறதா என்று பார்க்கிறாராம். இரண்டாவது கிளாஸில் கன்னத்தின் உள்பக்கம் ஊறிக்கொண்டே இருந்தது, புளிப்பு அதிகம், அதனால் குளிர்ந்த இடத்துப் பினோ. முதலாவதில் ஊறவில்லை, சின்ஸோ. ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். என் கட்சியும் இதுதான். இது கழித்துக்கொண்டே போகும் கணக்கு: புளிப்பு, துவர்ப்பு, சாராயச் சூடு மூன்றையும் வாயில் அளந்து ஆகாததைத் தள்ளிய பிறகு, மிச்சம் இருப்பதற்கு மூக்கைக் கூப்பிட வேண்டும். புத்தகம் படித்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இனி நான்காவது. மூன்றும் நான்கும் ஒரே பினோடாஜ், ஒரே பாட்டில். ஆளுக்கு அறுபது மில்லி வீதம் இரண்டு தடவை, ஆறு பேருக்கு 720. பாட்டிலில் முப்பது மில்லி மிச்சம். ஒரு குடுவையைக் குளிர்பெட்டியில் வைத்துப் பதினாறு டிகிரிக்கு இறக்கினேன்; மற்றதை அடுப்பு மேடையில் விட்டுவிட்டேன், இருபத்தாறு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆறில் ஐந்து பேர் வேறு வேறு ஒயின் என்றார்கள். குளிர்ந்ததை, நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இழுத்துப் பிடிக்கிறது, நல்ல பண்ணைச் சரக்கு என்று பாராட்டினார்கள். சூடானது மலிவாம்; ஆல்கஹால் தொண்டையைச் சுடுகிறதாம், வாழைப்பழ வாசனை தூக்கலாம். வாழைப்பழ வாசனை பினோடாஜில் வரக்கூடியதுதான், சூட்டில் இன்னும் எழும்பும். டர்பன் அக்கா மட்டும் கிளாஸை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, இது ஒண்ணேதான்பா. காச்சல் வந்திருக்கு."

சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் பரிமாறு என்கிற விதி ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்குச் சொன்னது. கேப் டவுன் மார்ச் மாதத்தில் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் நல்ல பாட்டிலைக் கெடுக்கிறார்கள்.

முதல் கிளாஸ் சின்ஸோதான் என்று விலையோடு சொன்னபோது மதுரைக்காரர் பேசவில்லை. சாப்பாட்டுக்கு வஞ்சிர மீன் குழம்பு. அதற்கு யாரும் சிவப்பைத் தொடவில்லை, மீதி ஷெனின்தான் காலியானது.

மார்ச் 23, ஞாயிறு

காலையிலேயே வாட்ஸ்அப் சூடாகிவிட்டது. முதல் குடுவையையும் இரண்டாவதையும் நான் மாற்றி ஊற்றியிருக்கலாம் என்கிறார் மதுரைக்காரர். குடுவையின் அடியைப் படம் எடுத்துப் போட்டேன். எண்ணை அப்புறம் கூட எழுதியிருக்கலாமே என்கிறார். டர்பன் அக்கா ஒரே ஒரு படிக்கம் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 26, புதன்

புது விதி நிறைவேறியது: ஊற்றுகிறவர் பட்டியலை எழுதி, உறையில் ஒட்டி, ருசிக்கத் தொடங்கும் முன்பே மேசைமேல் வைத்துவிட வேண்டும். முன்மொழிந்தவர் மதுரைக்காரர், வழிமொழிந்தவன் நான். அடுத்த மாதம் ஊற்றுவது டர்பன் அக்கா. வெள்ளை மட்டும்தான், அதுவும் நிறம் தெரியாத கறுப்புக் கிளாஸில் என்று சொல்லியிருக்கிறார். வெள்ளைக்குக் கறுப்புக் கிளாஸ் எதற்கு? நடுவில் ஒரு சிவப்பைக் குளிரவைத்து நுழைப்பார் என்று நினைக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.