விலை கேட்கும் முன் மேட்டைப் பாருங்கள்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் ஊருக்குத் தண்ணீர் லைன் இழுக்கப் போகிறோம் என்று யார் ஆரம்பித்தாலும் அடுத்த பேச்சு பிவிசியா, கருப்பு ஓஸா, மீட்டர் என்ன விலை என்பதுதான். அதற்கு முன்னால் மோட்டாரிலிருந்து டேங்க் எவ்வளவு மேட்டில் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் பாதி டேங்குகள் கரட்டு (சின்னப் பாறைக் குன்று) மேலேதான் உட்கார்ந்திருக்கின்றன.

கணக்கு சுலபம். 10 மீட்டர் உயரத்துக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். டேங்க் 45 மீட்டர் மேலே என்றால் தண்ணீர் சும்மா நிற்கும்போதே அடியில் நாலரை கிலோ, ஓடும்போது உராய்வு அதோடு சேரும், அப்புறம் கரண்ட் பட்டென்று போனால் மேலே போய்க்கொண்டிருந்த தண்ணீர் மொத்தமும் திரும்பி வந்து வால்வில் மோதும் அடி வேறு. அங்கே 6 கேஜி பைப், அதாவது ஆறு கிலோ அழுத்தம் வரை தாங்கும் பைப் போட்டால் அடிக்கடி வெடிக்கும், கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அதற்காக முழு லைனுக்கும் 10 கேஜி வாங்கவும் வேண்டாம். அடிப்பாதிக்கு 10, மேல்பாதிக்கு 6 போதும், பாதி ஏற்றம் தாண்டினால் அழுத்தமும் பாதிதான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பிவிசியில் 63 எம்எம் என்பது வெளி அளவு, கேஜி ஏற ஏறச் சுவர் தடிமனாகி உள்துளை சுருங்கும். தூரம் அதிகமென்றால் 75 எம்எம்முக்குப் போய்விடுங்கள், அதே தண்ணீருக்கு உராய்வு பாதிக்கும் கீழே இறங்கிவிடும், மோட்டாரும் திணறாது.

சரி, எந்தப் பைப்? மண் இருக்கிற இடத்தில் பிவிசிதான் என் ஓட்டு. விலை குறைவு, உடைந்தால் ஊரிலேயே யாராவது வெட்டிப் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். ஆனால் புதைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் வெளுத்து, கொஞ்ச வருஷத்தில் ஒரு கல் பட்டாலே நொறுங்கும். அதன் மேல் எழுதியிருக்கும் கேஜியே 27 டிகிரிக்குச் சொன்னது, சித்திரை வெயிலில் பாறை மேல் கிடக்கும் பைப்புக்கு அந்தக் கணக்கு செல்லாது. நம் ஊரில் எங்கே தோண்டினாலும் ஒரு அடியில் பாறை என்பதால் ஆட்கள் மேலாகப் போட்டு நாலு கூடை மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள், அடுத்த மழையில் அந்த மண் இருக்காது. கல் முனையில் பைப்பை நேராக உட்கார வைப்பது அதைவிட மோசம், அடியில் கொஞ்சம் மணல் போட என்ன கேடு?

தோண்டவே முடியாத இடத்துக்கு எச்டிபிஇ, அதாவது அந்தக் கருப்பு ஓஸ். கரி கலந்திருப்பதால் வெயில் தாங்கும், ரோலாக வரும், வளைந்து போகும், ஜாயின்ட் குறைவு. அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலைப் பகுதிக்கு இதுதான் தோது. சூட்டில் நீளும் என்பதால் இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், வெப்பம் 20 டிகிரி ஏறினால் 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு அடி நீளும். காய்ந்த புல்லில் தீ பிடித்தால் உருகிவிடும் என்பதும், தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் யானை மிதித்தால் எதுவும் மிஞ்சாது என்பதும் வேறு கதை.

ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், முழு லைனுக்குத் தேவையில்லை. விலையும் அதிகம், நம் உப்புத் தண்ணீருக்கு உள்ளே துருவும் காரையும் பிடித்துத் உள்துளை அடைத்துக்கொள்ளும். ஓடை தாண்டுகிற இடம், பாலத்தை ஒட்டிப் போகிற இடம், டேங்க் மேலே ஏறுகிற நிமிர்ந்த பைப், இந்த மூன்றுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பைப் போட்டாலும் நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு போகாது, அதற்குத்தான் ஒகேனக்கல் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர். ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. புது போர்வெல்லிலிருந்து லைன் இழுப்பவர்கள் பைப் வாங்கும் முன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள்.

கடைசியாக, பசை போட்ட அன்றே மோட்டாரைப் போடாதீர்கள், ஒரு நாள் விடுங்கள். அழுத்தம் ஏற்றி ஜாயின்டுகளைப் பார்த்த பிறகு மண் மூடுங்கள். மேட்டு முனையில், சிக்கிய காற்றை வெளியேற்றும் ஏர் வால்வு வையுங்கள். மிச்சமாகும் இரண்டு நீளப் பைப்பையும் அவற்றை இணைக்கும் கப்ளிங்கையும் யார் வீட்டுக்கும் கொடுத்துவிடாமல் ஊராட்சி அலுவலகத்தில் நிழலில் போட்டு வைத்தால், தண்ணீர் விடுகிறவர் ராத்திரியில் கடை தேடி அலைய வேண்டியதில்லை.