"எந்த ஏரியா?"

இரவுச் சோதனையில் வண்டியை மறிக்கும் காவலர் முதலில் கேட்பது "எந்த ஏரியா?" என்பதுதான். அண்ணா நகர் என்று சொல்பவரிடம் உரிமத்தைப் பார்த்துவிட்டு வழி விடுவார், வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று சொல்லும் எங்கள் பையன்களிடம் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "உன் மேல கேஸ் எதுனா இருக்கா?" என்று ஆரம்பிப்பார். அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்களை நிறம் பார்த்து மடக்குவது குறித்து இங்கே பலரும் கொதிக்கிறார்கள். வடசென்னையில் அந்த வேலையை முகவரி செய்கிறது. முகவரிக்குப் பின்னால் சாதி இருப்பது மடக்குபவருக்கும் தெரியும், நிற்பவனுக்கும் தெரியும்.

இந்தச் சந்தேகம் காகிதத்தில் ஏறும்போதுதான் ஆபத்தாகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆவது பிரிவு, வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்று கருதப்படுபவரிடம் நன்னடத்தைப் பிணை, அதாவது ஒழுங்காக நடந்துகொள்வேன் என்ற உறுதிப் பத்திரம், எழுதி வாங்க வழி செய்தது. புதிய சட்டத்தில் அது 129ஆவது பிரிவு. தமிழகத்தில் 2013, 2014ஆம் ஆண்டுகளின் அரசாணைகள், காவல்துறையைச் சேராத நிர்வாக நடுவருக்குரிய அந்த அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களிடமே கொடுத்திருந்ததால், பிடிப்பவரும் பிணை கேட்பவரும் ஒரே துறையினராக இருந்தனர். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணைகளைச் செல்லாதவை என்றது. ஆனாலும் ஏற்கெனவே பதிவாகிவிட்ட பெயர்கள் அழிவதில்லை; எந்தத் தெருவில் அடிக்கடி மடக்குகிறார்களோ அந்தத் தெருவின் பெயர்களே பதிவேட்டில் பெருகுகின்றன, அந்தப் பெருக்கத்தைக் காட்டியே மறுபடியும் அங்கே மடக்குகிறார்கள்.

2021 முதல் தமிழகக் காவல்துறையிடம் முகத்தை அடையாளம் காணும் மென்பொருளும் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டோரின் படங்களோடு ஒப்பிடும் இயந்திரம், யாருடைய படம் அங்கே அதிகமோ அவர்களையே அதிகமாகச் சுட்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவலர்கள் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரை, இப்படியொரு தவறான பொருத்தத்தை நம்பிக் கைக்கடிகாரத் திருட்டு வழக்கில், மனைவி மகள்கள் கண்ணெதிரே கைது செய்தார்கள். முகப் பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைது செய்யக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு அந்நகரக் காவல்துறை 2024இல்தான் உடன்பட்டது.

நம் ஊரில் தவறான கைதை நிரூபிப்பது இன்னும் கடினம், ஏனெனில் பல நேரங்களில் அது கைதாக எழுதப்படுவதே இல்லை. "சும்மா விசாரணைக்குத்தாம்மா, காலைல அனுப்பிடுறோம்" என்று அழைத்துப் போகிறார்கள். கைதுக் குறிப்பு வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே கூறியிருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. எழுதாத கைதுக்கு அந்த 24 மணி நேரம் தொடங்குவதே இல்லை. (அதற்குள் பையன் கழிப்பறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வந்தால், தரை ஈரமாக இருந்ததாம்.)

முன்பு வழக்கறிஞர்கள் இதற்காகவே தந்தி கொடுக்கச் சொல்வார்கள். இத்தனை மணிக்கு இன்னாரை அழைத்துச் சென்றார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. 2013இல் தந்தி நின்றுபோனது. இப்போது அதே வாசகத்தை, நேரத்தோடு, ஆணையருக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் மின்னஞ்சலாக உடனே அனுப்பிவிட்டு, இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள். ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பது அதற்குப் பிறகு.