கை நடுங்குற கமராக்காரன்

எனக்குச் சின்ன வயசிலேயே கை நடுங்கும். வருத்தம் ஒண்டும் இல்லை. அப்பப்பாவுக்கும் இருந்ததாம், அப்பாவுக்கும் இருக்கு. அம்மா எனக்கு எப்பவும் அரைக் கோப்பை தேத்தண்ணிதான் தருவா. முழுக்க ஊத்தினால் மிச்சம் சாரத்தில. நான் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போறன் எண்டு முள்ளியவளையில எங்கட ஒழுங்கைக்குத் தெரிய வந்த அண்டைக்குப் பக்கத்து வீட்டு மாமி சொன்னது இப்பவும் காதுக்குள்ள நிக்குது: "உவன் பாயாசக் கோப்பையே நேராய்ப் பிடிக்கமாட்டான். கமராவைப் பிடிச்சுக் கிழிச்சான்."

முதல் வருசம் மாமி சொன்னதுதான் நடந்தது.

2014. கிளிநொச்சியில ஒரு ஸ்ரூடியோவில ரெண்டாவது கமராக்காரனாய் நிண்டன். கையில நிக்கோன் டி3200, அதோட வாற 18-55 லென்ஸ். தாலி கட்டுற நேரம், வீடியோக்காரற்ற லைற்றில ஏதோ வயர் கழண்டு நிண்டுபோச்சு. மணவறை அரை இருட்டு. நான் அதைக் கவனிக்கேல்லை. ஸ்பீட்டைக் கமராவே தீர்மானிக்கிற ஏ மோட்டில விட்டிட்டு, கெட்டிமேளச் சத்தத்தோட அமத்து அமத்தெண்டு அமத்தினன். பின்னுக்கிருக்கிற சின்னத் திரையில பாத்தால் எல்லாம் வடிவாய்த்தான் இருந்தது. மூண்டு இஞ்சித் திரை எல்லாற்ற பிழையையும் மறைக்கும்.

ராத்திரி கொம்பியூட்டரில போட்டுப் பெருப்பிச்சுப் பாத்தால் மாப்பிள்ளைக்கு ரெண்டு மூக்கு. தாலிக்கொடி ஒரு மஞ்சள் புகை. எனக்குக் கை மட்டுமில்லை, கால் முழங்காலெல்லாம் நடுங்கத் தொடங்கீட்டுது.

ஸ்ரூடியோ அண்ணை பேசேல்லை. படத்தில மணமக்களை விட்டிட்டுக் குத்துவிளக்குக்குக் கிட்டப் போனார். அஞ்சு திரியும் எரியுது. "ஒவ்வொரு சுடரையும் பார். என்ன தெரியுது?" எண்டார். அஞ்சு சுடரும் ஒரே மாதிரி வளைஞ்சு, தூண்டில் முள்ளு மாதிரி ஒரு கீறு கீறியிருந்தது. ஐயர் பிடிச்சிருந்த கற்பூரத் தட்டிலயும் அதே தூண்டில் முள்ளு. பின்னால சோடனைக்குப் போட்ட குட்டி பல்புகளிலயும் அதே முள்ளு.

"எல்லாம் ஒரே பக்கம் ஒரே மாதிரி ஆடினால் ஆடினது நீ. சுடர் கூராய் இருந்து மாப்பிள்ளையின்ர கை மட்டும் கலங்கியிருந்தால் அது அவன் ஆடினது. மாப்பிள்ளை கலங்கிப் பின்னுக்கு நிக்கிற வாழைமரம் கூராய் இருந்தால் போக்கஸ் பிழை. மூண்டுக்கும் மருந்து வேற."

அதுக்குப் பிறகு ஸ்பீட் என்ன எண்டு காட்டினார். பத்தில ஒரு செக்கன். "ஆற்ற கையும் ஆடும் தம்பி. நீ பத்தில ஒரு பங்கு நேரம் கதவைத் திறந்து வைச்சிருக்கிறாய். அவ்வளவு நேரத்துக்குள்ள என்ர கையும்தான் போய் வந்திடும்."

இண்டைக்கும் படம் பழக வாற பெடியளுக்கு நான் முதல் சொல்லுறது இந்தக் குத்துவிளக்கைத்தான். படத்தில எங்கயாவது ஒரு சின்ன வெளிச்சப் புள்ளியைத் தேடுங்கோ. கண்ணுக்குள்ள விழுற பல்பு, பொட்டில மின்னுற கல்லு, மோட்டார் சைக்கிளின்ர நிக்கல் பாகம், எதெண்டாலும் சரி. அந்தப் புள்ளி என்ன கோலம் போட்டிருக்கெண்டு பாத்தால் உங்கட கை போன வழி அப்பிடியே தெரியும். நேர மேலும் கீழுமாய் நீண்டிருந்தால் அநேகமாய் விரல் குத்தினது. பக்கத்துக்கு இழுபட்டிருந்தால் உடம்பு சாய்ஞ்சது. புள்ளி புள்ளியாய் நெளிஞ்சிருந்தால் அது என்ர குடும்பச் சொத்து, நடுக்கம்.

ஸ்பீட் கணக்கு பழைய பிலிம் காலத்துக் கணக்கு. லென்ஸ் 50 மில்லிமீற்றர் எண்டால் 50இல ஒரு செக்கனுக்குக் குறையாமல். பிலிமை விடச் சின்ன சென்சர் இருக்கிற எங்கட நிக்கோனுக்கு அதை ஒண்டரையால பெருக்கோணும், அப்ப 80இல ஒண்டு. 200 மில்லிமீற்றருக்கு நீட்டினால் 320இல ஒண்டு. நான் அதையும் இரட்டிப்பாக்குவன். இருட்டெண்டால், குறைஞ்ச வெளிச்சத்தையும் கூட்டிக் காட்டுற ஐஎஸ்ஓவை 3200 வரைக்கும் பயப்பிடாமல் ஏத்துவன். குருணை விழும், விழட்டும். குருணை விழுந்த தாலி தாலிதான். ஆடின தாலியைக் கொண்டு நான் என்ன செய்ய?

லென்ஸில நடுக்கம் தாங்குற வீஆர் இருக்கே எண்டு கேப்பீங்கள். அண்டைக்கு என்ர லென்ஸிலயும் இருந்தது. பட்டனைப் பாதி அமத்தி ஒரு கணம் பிடிச்சால்தான் அது உள்ளுக்கு வேலையைத் தொடங்கும். பாக்கிற படம் மெல்ல மிதந்து நிக்கிறது கண்ணுக்கே தெரியும். நான் ஒரேயடியாய்க் குத்துறவன், அது எழும்பி உக்கார முதல் படம் முடிஞ்சுது. கனன் 1995இல 75-300 லென்ஸில இதைக் கொண்டு வந்த காலந்தொட்டு நல்லாய் வளந்து வந்திருக்கு, நான் குறை சொல்லேல்லை. ஆனால் அது என்ர கையைத்தான் பிடிக்கும், ஓடுற பிள்ளையைப் பிடிச்சு நிப்பாட்டாது. வற்றாப்பளை அம்மன் கோயிலில பறவைக்காவடி ஆடிவரேக்க வீஆரை நம்பினவையின்ர படங்களைக் கண்டிருக்கிறன். மரம் கூர், வாகனம் கூர், தொங்கிற ஆள் புகை. அதுக்கு 500இல ஒண்டு வேணும்.

இனிக் கை. உண்மையைச் சொன்னால் கமராவைக் கையால பிடிக்கிறேல்லை. இடது உள்ளங்கை மேல பாக்க, லென்ஸின்ர பாரம் அதில இருக்கோணும். கனபேர் லென்ஸை ரெண்டு பக்கத்தாலயும் போத்தல் மூடி திறக்கிற மாதிரிப் பிடிப்பினம், அப்ப முழங்கை ரெண்டும் கோழிச் செட்டை மாதிரி விரிஞ்சு போகும். முழங்கை விலாவில ஒட்டோணும். கண்புருவம் கமராவில முட்டோணும். காலை எப்பிடி வைக்கிறதெண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரேல்லை. முல்லைத்தீவுக் கரையில கரைவலை இழுக்கிறவையைப் பாத்துப் பழகினது. ஒரு கால் முன்னுக்கு, முழங்கால் இறுக்காமல், பாரம் ரெண்டு காலிலயும். மூச்சை இழுத்து அடைக்கப்படாது, அடைச்சால் நெஞ்சு இடிக்கிறது கமராவில கேக்கும். பாதி மூச்சை விட்டிட்டு, அடுத்த மூச்சு வர முதல் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில அமத்துறது. அமத்துறதும் ஒரு பாலைப்பழத்தை நசியாமல் விரலால உருட்டுற அளவுதான். இதில எனக்குக் கனகாலம் எடுத்தது. என்ர ஆள்காட்டி விரலுக்கு மரியாதை தெரியாது.

ஒரு தரத்துக்கு மூண்டு படமாய் அடிப்பன். முதலாவதை விரல் அமத்தின ஆட்டம் கெடுக்கும், மூண்டாவதை விரல் எடுக்கிற ஆட்டம் கெடுக்கும், நடுவில ஒண்டு தப்பும். எனக்கெண்டே இன்னும் ரெண்டு விதி இருக்கு. பசியோட எடுக்கிறேல்லை. கமராவைக் கண்ணில வைச்சுக்கொண்டு காத்திருக்கிறேல்லை. தசை களைச்சால் நல்ல கையே ஆடும், என்ரயைக் கேக்கோணுமோ? தூக்கி, எடுத்து, இறக்கிப்போடுவன்.

இரணைமடுக் குளக்கட்டில சோளகக் காத்து அடிக்கிற மாதங்களில நிண்டு பாத்தவைக்குத் தெரியும், அங்க ஆளையே தள்ளிக்கொண்டு போகும். நாரை எடுக்கப் போனால் நான் நிக்கிறதே இல்லை. காத்துக்கு முதுகைக் காட்டி நிலத்தில இருந்து, முழங்காலை மடக்கி, முழங்கைக்குக் கொஞ்சம் மேல இருக்கிற சதையை முழங்காலில முண்டு குடுப்பன். எலும்பில எலும்பை வைச்சால் வழுக்கும். கமராப் பட்டியையும் மறக்காமல் கையில சுத்திவிடோணும், தொங்கவிட்டால் காத்து அதைப் பாய்மரமாக்கிப்போடும்.

முறிகண்டியில ஒருக்கால் ஏ9 றோட்டில போற வாகன வெளிச்சத்தைக் கோடாய் இழுத்து எடுக்கோணும் எண்டு ஆசை. ரெண்டு செக்கன் வேணும், முக்காலி இல்லை. தங்கச்சி வாங்கி வைச்சிருந்த ஒரு கிலோக் கச்சான் பையை மோட்டார் சைக்கிள் சீற்றில வைச்சு, நடுவில ஒரு பள்ளம் அமத்தி, கமராவை அதுக்குள்ள புதைச்சு வைச்சன். ரெண்டு செக்கன் ரைமர் போட்டிட்டுக் கையை எடுத்தால் கல்லு மாதிரி நிண்டுது. முதல் படம் அருமை. ரெண்டாவதும் அருமை. ஆறாவது படத்துக்குப் பார்க்கிறன், கமரா ஒரு பக்கம் சரிஞ்சுபோய்க் கிடக்கு. தங்கச்சி என்ர முக்காலியில கால்வாசியைத் திண்டு முடிச்சிட்டாள். இப்ப துணிப்பை ஒண்டில நெல்லு நிரப்பித் தைச்சு வைச்சிருக்கிறன். அதைப் பச்சையாய் ஆரும் தின்னமாட்டினம்.

கயித்து வேலையும் நல்லது. கமராவின்ர அடியில இருக்கிற ஓட்டைக்குக் கால் இஞ்சிப் போல்ட், இஞ்சிக்கு 20 புரி. கடையில 'இதுவும் அதுதான்' எண்டு ஆறு மில்லிமீற்றர் போல்ட்டைத் தருவினம், வாங்காதேங்கோ. போற மாதிரிப் போய் இடையில இறுகி, புரியைத் திண்டிடும். என்ர பழைய கமராவுக்கு அப்பிடித்தான் நடந்தது. போல்ட்டில கயிறு கட்டி, மற்ற நுனியை மிதிச்சுக்கொண்டு, கமராவை மேல இழுத்து விறைப்பாக்கி எடுக்கிறது. மேல்கீழ் ஆட்டம் நல்லாய்க் குறையும். நான் முதல் தங்கூசியில கட்டினன். கடலுக்குப் போற மாமா ஒராள் பாத்திட்டு, "தங்கூசி இழுபடுமடா, மீனுக்கு விட்டுப் பிடிக்கிற சாமான். உனக்கு இழுபடாதது வேணும்" எண்டு வலைக்கயித்தில ஒண்டரைப் பாகம் வெட்டித் தந்தார். மச்சான்மார் கயிறு கட்டின கமராவைப் பாத்து ஆட்டுக்குட்டி எண்டு பகிடி பண்ணினதை விட்டால் ஒரு குறையும் இல்லை.

போனில எடுக்கிறவைக்கு ரெண்டு வசனம். முதல் லென்ஸைத் துடையுங்கோ, ஆட்டம் எண்டு கொண்டுவாற படங்களில அரைவாசி விரலில இருந்த எண்ணெய். இருட்டு மோட் எண்டால் அது அடுக்கடுக்காய்க் கனபடம் எடுத்துச் சேர்க்கிறது, அது முடியுமட்டும் ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தூணில சாய்ஞ்சு நில்லுங்கோ. திரையில குத்தாமல் சத்தம் கூட்டுற பட்டனால எடுங்கோ.

போன வைகாசிக்கு முதல் கிழமை, புதுக்குடியிருப்பில இருந்து ஒரு அம்மா வந்தா. சீலைத் தலைப்பில முடிஞ்சு, பொலித்தீனில சுத்தி, ஒரு பழைய பிலிம் படம். போஸ்ற்காட் அளவு. ஒரு மூலை தண்ணியில ஊறி உரிஞ்சு போயிருந்தது. பதினைஞ்சு பதினாறு வயசுப் பெடியன், புதுச் சேட்டு, கையில கச்சான் சரை. பின்னால பல்பு மாலை. வற்றாப்பளைப் பொங்கல் எண்டு சொல்லாமலே தெரிஞ்சுது.

"இதைப் பெரிசாக்கித் தா தம்பி, சுவரில போட."

உப்பிடிப் படங்களைக் கையில பிடிச்சு எடுக்கேலாது. கிட்டப் போகப் போகக் கை ஒரு மயிரளவு நகர்ந்தாலே படத்தில ஒரு விரற்கடை. அந்தக் கிட்டத்தில வீஆரும் பெரிசாய் உதவாது, அது கமரா சரியிறதைத்தான் பிடிக்கும், அப்பிடியே பக்கத்துக்கு நகர்றதைப் பிடிக்காது. படத்தைச் சுவரில நேராய் ஒட்டி, ஸ்ரூலில நெல்லுப் பையை வைச்சு, யன்னல் வெளிச்சம் பக்கத்தால விழவிட்டு, ரைமரில எடுத்தன். திரையில பெருப்பிச்சால் பெடியனின்ர முகம் கலங்கல். என்ர பிழையோ எண்டு திரும்ப எடுத்தன். உரிஞ்ச மூலையில காகித நார் ஒவ்வொண்டாய்த் தெரியுது, முகம் அதே கலங்கல்.

பல்புகளைப் பாத்தன். ஒவ்வொரு பல்பும் நேர மேலும் கீழுமாய் நீண்டு, ஒரே அளவில, ஒரே சாய்வில.

"அம்மா, இது எடுத்த ஆள் பட்டனைக் கொஞ்சம் குத்தியமத்திப்போட்டார். அங்கயே ஆடீட்டுது. இதை நான் கூராக்கேலாது. பெருப்பிச்சால் இன்னும் கலங்கலாய்த்தான் தெரியும்."

அவ கொஞ்ச நேரம் திரையைப் பாத்துக்கொண்டு நிண்டா.

"எடுத்தது நான்தான்," எண்டா. "தமக்கையின்ர புருசன் வெளியில இருந்து கொண்டு வந்த கமரா. இவன்தான் சொல்லித் தந்தவன், 'அம்மா, இதில அமத்துங்கோ' எண்டு. எனக்குப் பயம், அமத்தினது காணாதோ எண்டு நல்லாய் அமத்திப்போட்டன்."

எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. பேசாமல் அளவைப் பத்துக்குப் பன்னிரண்டில இருந்து அஞ்சுக்கு ஏழுக்கு இறக்கினன். சின்னனில ஆட்டம் ஒடுங்கும், ரெண்டடி தள்ளி நிண்டு பாத்தால் முகம் முகமாய்த் தெரியும். ஊறின மூலையை மட்டும் திருத்தினன். பல்புகளில கை வைக்கேல்லை.

பிறின்ற் வரும் வரைக்கும் இருங்கோ எண்டு தேத்தண்ணி ஊத்தினன். அவ கோப்பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு என்ர கோப்பையைப் பாத்தா.

"ஏன் தம்பி, உனக்கு அரைக் கோப்பை?"