ஒரு சராசரியைச் சரியாக்குவதற்குள்

எண்களை வரைபடமாகக் காட்டும் திரையான டாஷ்போர்டைக் கட்டியதில் பெரிய சிரமம் இல்லை. அதற்கு ஒழுங்கான தரவு வாங்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. புகார்களை எத்தனை மணி நேரத்தில் முடிக்கிறோம் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். தரவுக் குழுவிடம் கேட்டால், குழுவாரியாகச் சராசரி போட்ட எக்செல் கோப்பு வந்தது. ஒவ்வொரு புகாரும் தனி வரியாக வேண்டும் என்று கேட்டேன். "சராசரிதானே காட்டப் போறீங்க, அதை நாங்களே போட்டுட்டோமே" என்று பதில்.

அங்கேதான் வில்லங்கம். ஒரு குழு 10 புகார்களைச் சராசரியாக 2 மணி நேரத்திலும், இன்னொரு குழு 90 புகார்களை 12 மணி நேரத்திலும் முடிக்கிறது என்று வையுங்கள். இரண்டு சராசரிக்கும் சராசரி போட்டால் 7. ஆனால் மொத்தம் 1,100 மணி நேரம், 100 புகார். உண்மையில் 11 வர வேண்டும். வளைத்து வளைத்து விளக்கியபோது அசையாதவர்கள், இந்தக் கணக்கை அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் மூலத் தரவைக் கொடுத்தார்கள். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் முதல் மின்னஞ்சலிலேயே கணக்கைப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் பார்த்தால், எண்ணிக்கை உதைத்தது. தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்க எஸ்க்யூஎல் மொழியில் யாரோ எப்போதோ எழுதிவைத்த வினவலில் 'நிலை ரத்து அல்லாதவை' என்று ஒரு ஃபில்டர். பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலை 'NULL', அதாவது காலியாக இருந்தால், அது ரத்தா இல்லையா என்று எஸ்க்யூஎல் முடிவு சொல்லாது. முடிவு தெரியாத வரியை வெளியே தள்ளிவிடும். புதிதாகப் பதிவான புகார்களுக்கு நிலையே போட்டிருக்கவில்லை. அத்தனையும் காணாமல் போயிருந்தன! 'அல்லது காலி' என்ற நிபந்தனையைச் சேர்த்ததும் திரும்பி வந்தன.

அதே வினவலில் தேதி ஃபில்டரும் கோளாறு. 31-ஆம் தேதி வரை என்று எழுதியிருந்தது, நேரமும் பதிவாகும் நெடுவரிசையில் அது 31-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவு 12 மணியோடு நின்றுவிட்டது. அன்றைய பகல் முழுக்க அம்போ. அடுத்த மாதம் 1-ஆம் தேதிக்கு முன் என்று மாற்றி எழுதினால் சரி.

இன்னும் முடியாத புகாருக்கு முடித்த நேரம் கிடையாது; சராசரி அந்தக் காலியைக் கண்டுகொள்ளாது. மாதக்கணக்கில் தூங்கும் புகார்கள் எண்ணைத் தொடவே தொடாது, வரைபடம் அழகாகத் தெரியும். சிலருக்கு அதுவே வசதியாக இருந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். முடியாதவற்றின் எண்ணிக்கையைப் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டேன். ஓரிரு இழுபறிப் புகார்கள் சராசரியை ஏற்றிவிடுவதால், வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணான இடைநிலையையும் சேர்த்தேன். யாரும் எதிர்க்கவில்லை.

டேப்ளோ என்ற மென்பொருளில் டாஷ்போர்டு கட்டுபவர்களுக்கு ஒன்று: 'முதல் 10' ஃபில்டர், மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் சாதாரண ஃபில்டருக்கு முன்பே கணக்காகிவிடும். மண்டலத்தை மாற்றினால் பத்துக்குப் பதில் மூன்றோ நான்கோதான் தெரியும். மண்டல ஃபில்டரைக் கான்டெக்ஸ்டில் சேர்த்தால், அதாவது 'முதல் 10'-க்கு முன்பே கணக்காகும்படி வைத்தால், பத்தும் வரும்.

கடைசிச் சண்டை, தனித்த வாடிக்கையாளர் எண்ணிக்கையில். ஒருவரே இரண்டு மாதங்களில் புகார் செய்தால் மாதவாரியாக இரண்டு முறை வருவார், ஆண்டு மொத்தத்தில் ஒரே முறைதான். வரைபடத்துக்குக் கீழே குறிப்பும் எழுதிவைத்தேன். இன்னமும் "கூட்டினால் மொத்தம் வரவில்லையே" என்று மின்னஞ்சல் வந்துகொண்டுதான் இருக்கிறது. போன வாரம் அந்தக் குறிப்பின் எழுத்தைப் பெரிதாக்கினேன்.