காரணம் என்ற கட்டம்

ஆடு செத்தால் கால்நடை மருத்துவர்களான நாங்கள் எழுதித் தரும் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் 'இறப்புக்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி, பாம்புக்கடி என்று அதில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒரே ஒருமுறை 'ஓநாய்' என்று எழுதியதுதான் இன்னும் உறுத்துகிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் அது. வேப்பனப்பள்ளிப் பக்கம் எல்லையோரக் கிராமம். கரட்டின் மேல் ஏறி நின்றால் அந்தப் பக்கம் ஆந்திரா, கொஞ்சம் தள்ளிப் போனால் கர்நாடகா. செம்மறி மேய்ப்பவர்களுக்கு மூன்று மொழியும் வரும். என்னிடம் தமிழ் பேசுவார்கள், ஆட்டைத் தெலுங்கில் திட்டுவார்கள். ஓநாய் அவர்கள் வாயில் பெரும்பாலும் 'தோடேலு'தான்.

மார்கழிக் காலை, பனி விலகவில்லை. பட்டிக்குள் பதினோரு செம்மறிகள் கிடந்தன. பின்தொடை கிழிந்து, காது அறுந்து, வால்பக்கம் சதை தொங்கி. ஒன்றைக்கூட முழுதாகத் தின்றிருக்கவில்லை. படித்த பாடம் நினைவுக்கு வந்தது. ஓநாய் பெரும்பாலும் குரல்வளையைப் பிடிக்கும், ஒன்றிரண்டைக் கொன்று தின்னும், இல்லை தூக்கிக்கொண்டு போகும். கண்டபடி கடித்துக் குதறிவிட்டுப் போவது நாயின் வேலை. எப்போதும் அப்படித்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. பட்டிக்குள் புகுந்த ஓநாயும் சில சமயம் வெறி பிடித்ததுபோல் கொல்லும். ஆனால் அன்று ஈர மண்ணில் கிடந்த தடம், கடிகளின் இடம், எல்லாமே நாயைத்தான் காட்டின.

ஆட்டுக்காரர் என் அப்பா வயது. "சார், நாய்னு எழுதினா ஒரு பைசா வராது" என்றார். காட்டு விலங்கு அடித்தால் வனத்துறையிடம் இழப்பீடு கேட்கலாம். தெருநாய்க்கு அப்போது யாரும் பொறுப்பில்லை. பதினோரு ஆடு என்றால் அவர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த ஆடுகளில் பாதி. சரி, ஒரு வார்த்தைதானே என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

அந்த வார்த்தை காகிதத்தோடு நிற்கவில்லை. 'டாக்டரே சொல்லிட்டாரு' என்று ஊருக்குள் போனது. பத்து நாள் கழித்து, கரட்டின் பாறை இடுக்கில் இருந்த குகையில் வைக்கோலைத் திணித்து மூட்டம் போட்டார்கள். உள்ளே நான்கு குட்டிகள். எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. புலிக்கு இணையாக ஓநாயும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நாடு முழுக்கச் சுமார் 3,000தான் மிச்சம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த நான்கு குட்டிகளுக்கு என் பேனாதான் வழி காட்டியது.

பட்டிச் சாவு அதோடு நின்றிருந்தால் நானும் மறந்திருப்பேன். அடுத்த வருடம் அதிகமானது. சாலையோரம் கோழிக்கழிவைக் கொட்ட ஆரம்பித்ததால் நாய்கள் பெருகின. அப்புறம் ஓநாய் இல்லாத கரட்டில் அவை கூட்டமாகத் திரிய யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

இதே மாதிரி ஒன்றை அமெரிக்காவில் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். யெல்லோஸ்டோன் பூங்காவில் 1926 வாக்கில் கடைசி ஓநாய்களையும் கொன்று தீர்த்தார்கள். எல்க் மான் பெருகி வில்லோ, ஆஸ்பென் மரங்களின் இளந்தளிர்களை மேய்ந்து தீர்த்தது. நரிக்கு உறவான கயோட்டி அங்கே பெரியாள் ஆனது. 1995லும் 1996லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்ட பிறகு கயோட்டிகள் அடங்கின, எல்க் குறைந்தது, சில ஓடைக்கரைகளில் வில்லோ தலை தூக்கியது. 'ஓநாய் நதியையே மாற்றிவிட்டது' என்று சிலர் சொல்வது கொஞ்சம் அதிகம். கரடி, மலைச்சிங்கம், பூங்காவுக்கு வெளியே மனிதர்களின் வேட்டை எல்லாவற்றுக்கும் எல்க் குறைந்ததில் பங்கு உண்டு. ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற விலங்கு இல்லாமல் போய், ஓடை ஆழமாக அரித்துவிட்ட இடங்களில் வில்லோ இன்னும் சரியாகத் திரும்பவில்லை. எடுத்த ஒன்றைத் திரும்ப வைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடாது போலிருக்கிறது.

இந்தக் கதையை ஒரு விழிப்புணர்வு முகாமில் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் கம்பளி போர்த்தியிருந்தவர் கேட்டார்: "அந்த ஊர்ல ஆடு யாரோடது சார்?"

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயும் பூங்காவுக்கு வெளியே மாடும் ஆடும் வளர்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 'டிபெண்டர்ஸ் ஆஃப் வைல்ட்லைப்' என்ற அமைப்பு 1987 முதல் 2010 வரை தன் நிதியிலிருந்து இழப்பீடு கொடுத்தது. அதைச் சொன்னேன். "அப்ப பணம் கொடுத்துத்தான் வாங்கியிருக்காங்க" என்றார் அவர். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இங்கே ஓநாய்க்கு இரை பெரும்பாலும் அவருடைய ஆடுதான், மிச்சத்துக்கு முயல், எலி. அது வாழும் புதர்க்காடும் புல்வெளியும் அரசாங்கக் கணக்கில் தரிசு. தைலமரம் நட, கல் உடைக்க யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை.

நாய் வேறு வகையிலும் ஓநாயைத் தின்கிறது. வெறிநோயும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் நாயிடமிருந்து ஓநாய்க்குத் தொற்றும். புனே அருகே இரண்டும் கலந்து பிறந்ததை மரபணுச் சோதனையில் உறுதிசெய்திருக்கிறார்கள். அதனால் ஆட்டுக்கு ஊசி போடப் போகும் ஊர்களில் காவல் நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுகிறேன். கேட்டால் ஆட்டுக்குத்தான் நல்லது என்பேன். பொய்யில்லை.

போன தை மாதம் மறுபடி ஒரு பட்டி. ஏழு ஆடு, அதே பின்தொடைக் கடி. படிவத்தை எடுத்ததும் ஆட்டுக்காரர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். 'நாய்' என்று எழுதினேன். வாங்கிப் படித்தார்.

"இதுக்குப் பணம் வருமா சார்?"

"இனிமே தருவாங்கன்னு பேசிக்கிறாங்க அண்ணா. எழுதி அனுப்புறேன். வருமான்னு சொல்ல முடியல."

காகிதத்தை மடித்துத் துண்டின் முனையில் முடிந்தார். "சரி, உசுரோட இருக்கறதுக்குத் தையல் போடுங்க" என்றார். மொத்தம் ஐந்து ஆடு. வெயில் ஏறும் வரை உட்கார்ந்து தைத்தேன்.